மில் சங்கும் லாங் சைஸ் நோட்டும்

எங்கள் பள்ளிக் கணினி அறையின் ஜன்னல் கம்பியில், சணல் கயிற்றில் கோத்த ஐந்து லாங் சைஸ் நோட்டுகள் தொங்குகின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒலிப்பதிவு, புகைப்படத் தொடர், குறும்படம் என்று செய்யும் திட்டப்பணிகளுக்காகக் குழுவுக்கு ஒன்று வீதம் நான் வாங்கித் தொங்கவிட்டவை அவை. இடப்பக்கத்தில் அன்றன்று என்ன செய்தார்கள், எங்கே முட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதை அவர்கள் எழுத வேண்டும். எதிரே வலப்பக்கத்தில் நான் எழுதுவேன். "டிஜிட்டல்னு சொல்லிட்டு மளிகைக் கடைக் கணக்கு மாதிரி நோட்டு போட்டு வெச்சிருக்கீங்களே டீச்சர்" என்று சக ஆசிரியர் ஒருவர் சிரித்தார். சிரிக்கத்தக்கதுதான். ஆனால் மாணவர்கள் பள்ளிக்குள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதால், படமெடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் சனி, ஞாயிறுகளில், அப்பாவின் கைப்பேசியிலோ அண்ணனின் கைப்பேசியிலோ, காசிமேட்டிலும் பெரம்பூரிலும் எண்ணூரிலும் நடக்கின்றன. வேலை நடக்கும் இடத்தில் நான் இருப்பதில்லை. நான் அவர்களோடு இருக்கும் ஒரே இடம் அந்த வலப்பக்கம்தான்.

நான் தமிழாசிரியை, வீடு தண்டையார்பேட்டையில். இந்தப் பணியைத் தொடங்கி இது நான்காவது ஆண்டு. முதல் ஆண்டு நோட்டெல்லாம் கிடையாது. ஒரு மாதம் வகுப்பெடுத்தேன்: அண்மைக் காட்சி, சேய்மைக் காட்சி, கைப்பேசியைப் படுக்கை வாட்டில் பிடிப்பது, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒலியை வெட்டி ஒட்டுவது. பிறகு "உங்கள் பகுதியைப் பற்றி ஐந்து நிமிடப் படம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கடைசி நாளில் வாங்கிப் பார்த்தேன். வந்த ஐந்து படங்களில் மூன்றில், லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன் சந்தின் கோடியிலிருந்து மெதுவான அசைவில் நடந்து வந்தான். பின்னணியில் பறை அதிர்ந்தது. வடசென்னை என்றாலே திரையில் எதைப் பார்த்துப் பழகினோமோ, அதையே இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். "இந்தத் தெருவுல இப்படி ஒருத்தர் நடந்து வந்து நீ பார்த்திருக்கியா?" என்று ஒருவனைக் கேட்டேன். "இல்ல மிஸ், யூடியூப்லதான்" என்றான்.

அதைவிடப் பெரிய தவறு என்னுடையது. ஒரு மாணவி தன் ஆயா நாற்பது ஆண்டுகளாக மீன் கூடை சுமந்த கதையைப் பேசிப் பதிவுசெய்ய எழுதிக்கொண்டு வந்தாள். "எங்க ஆயா வெடியகாலம் எழுந்து கடப்பாவும் காரப்பொடியும் வாங்கினு வரும்" என்று தொடங்கியது அது. தமிழாசிரியை அல்லவா, நான் சிவப்பு மையால் திருத்தினேன். "எங்கள் பாட்டி அதிகாலையில் எழுந்து மீன் வாங்கி வருவார்" என்றானது. கடப்பா, காரப்பொடி என்ற மீன் பெயர்கள் போய்விட்டன, ஆயாவும் போய்விட்டாள். திருத்திய வரிகளை அந்தப் பெண் பாடப்புத்தகம் ஒப்பிப்பதுபோல் வாசித்தாள். முதல் வடிவத்தின் பதிவு எங்கும் இல்லை. அதன் பிறகு நான் சிவப்புப் பேனாவை இந்த நோட்டுகளுக்கு அருகில் கொண்டுபோவதில்லை; பென்சிலால்தான் எழுதுகிறேன். எழுத்துத் தமிழ் எங்கே வேண்டும், பேச்சுத் தமிழ் எங்கே வேண்டும் என்று முடிவு செய்வதும் தமிழ்ப் பாடந்தான் என்பது, பதினேழு ஆண்டுகள் தமிழ் நடத்திய பின் எனக்குப் புரிந்தது.

இரண்டாம் ஆண்டு நோட்டு வந்தது. வலப்பக்கத்தில் கட்டளை எழுதுவதில்லை, கேள்வி மட்டுமே எழுதுவது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கேள்வி எழுத வேண்டுமென்றால் அவர்கள் பதிவுசெய்து கொண்டுவந்ததை முழுவதும் கேட்க வேண்டும், முழுவதும் பார்க்க வேண்டும். வெட்டிச் சுருக்கியதை அல்ல, வெட்டுவதற்கு முன் இருந்ததை. அதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. மாலையில் சோறு வடித்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடந்த நாற்பது நிமிட உரையாடலைக் கேட்பது சுலபமான வேலையன்று. கேட்காமல் எழுதும் குறிப்பை மாணவர்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "மிஸ் கேக்கல, சும்மா எழுதிருக்காங்க" என்று இடப்பக்க மூலையில் சிறிய எழுத்தில் ஒருமுறை எழுதியிருந்தார்கள். நான் படிப்பேன் என்று தெரிந்தே எழுதியது அது.

காசிமேட்டுக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூன் முதல் வாரம், பள்ளி திறந்த சூட்டோடு, மீன் ஏலத்தைப் பதிவுசெய்யப் போனார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. குழுவில் இருவர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்; அவர்களுக்கே அது உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. திங்கட்கிழமை நோட்டில் இருந்தது: "போனோம். ஒண்ணுமே இல்ல. போட்டு எல்லாம் கட்டிக் கெடக்கு. ஏலம் ஆரம்பிச்சதும் போறோம்." நான் எதிரே எழுதினேன்: "ஒன்றுமே இல்லாத இடத்தில் எத்தனை நிமிடம் நின்றீர்கள்? கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் நின்றால் என்னென்ன கேட்கும்?"

அடுத்த வாரம் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள். படகின் அடிப்பலகையைச் சுரண்டும் சத்தம். வெல்டிங் பொறி. வலை பின்னுகிறவர்களின் நடுவே வைத்த கைப்பேசியில் ஓடும் பழைய பாட்டு. யாரோ யாரையோ வட்டிக் கணக்குக் கேட்பது. நெருக்கிக் கட்டிய இரண்டு படகுகளுக்கு இடையில் தொங்கும் லாரி டயர், அலை ஏறி இறங்கும்போதெல்லாம் மரத்தில் உரசி முனகுவது. கடைசியாக ஒன்று: "காக்கா கம்மியா இருக்கு மிஸ், மீன் இல்லாததால." அந்தக் காக்கை வரியைப் படித்தபோது, இனி இந்தக் குழுவுக்கு நான் பெரிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது.

சொல்ல வேண்டியிருந்தது. டயர் முனகலைப் பதிவுசெய்தபோது காற்று கைப்பேசியின் மைக்கில் மோதி, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கடற்காற்று கோடையில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் கரையேறும். அவர்கள் போனது இரண்டு மணிக்கு. "எத்தனை மணிக்குக் காற்று அடங்கியிருக்கும் என்று வீட்டில் யாரைக் கேட்கலாம்?" என்று எழுதினேன். அப்பாக்களுக்கு அது மனப்பாடம். அடுத்த முறை காலை ஏழு மணிக்குப் போனார்கள். மைக்கின் மேல் போர்த்த, ரோமம் போன்ற துணி வேண்டும் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட, ஒருத்தி தன் தங்கையின் கரடிப் பொம்மையின் காதை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்காக அவள் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஆனால் காற்று நின்றது.

தடை முடிந்து படகுகள் மீனோடு திரும்பிய பிறகு ஏலத்தையும் பதிவுசெய்தார்கள். ஏலக்காரர் குரல் அருகில் வந்ததும் ஒலி உடைந்துபோயிற்று. திரையில் ஒலி அலையின் தலை, மொட்டையடித்ததுபோல் மட்டமாக வெட்டுப்பட்டிருந்தது. மெலிதாகப் பதிந்ததை ஓரளவு தூக்கலாம், இப்படித் தலை போனதை மீட்க முடியாது. திரும்பவும் போய், நான்கு அடி தள்ளி நின்று பதிவுசெய்தார்கள். முடிந்த ஒலிச்சித்திரம் ஐந்து நிமிடம்: அதில் நான்கு நிமிடம் தடைக்காலத்துத் துறைமுகம், கடைசி ஒரு நிமிடம் ஏலம். அந்த விகிதத்தை அவர்களே முடிவு செய்தார்கள்.

இனி மில். பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம் - கர்னாட்டிக் ஆலை, ஊரார் வாயில் பின்னி மில், 1996-இல் மூடப்பட்டது. இன்றைய ஒன்பதாம் வகுப்புக்கு அது தாத்தா காலத்துச் சொல். ஒரு மாணவனின் தாத்தா அங்கே பஞ்சைப் பிரித்து உதறும் ப்ளோ ரூமில் வேலை பார்த்தவர். அவரைப் பேட்டி எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தான். "தாத்தாவிடம் வேறு யாரும் கேட்காத எதைக் கேட்பாய்?" என்று எழுதிவைத்தேன்.

38 நிமிடம் பேசியிருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை, அந்த வெயிலில் நானும் சம்மதித்திருக்க மாட்டேன். யாரும் பேசாத சில நொடிகளை எடுத்து, இதுதான் இரைச்சல் என்று ஆடாசிட்டிக்குக் காட்டிக்கொடுத்தால், அதே இரைச்சலை மற்ற இடங்களிலிருந்தும் கழித்துத் தரும். ஆனால் தாத்தா மூச்சுவிடாமல் பேசுகிறவர். பேசாத நொடியே இல்லை. பையன் மறுபடி போய், அதே கட்டிலில், அதே விசிறியின் கீழே, தாத்தாவைச் சும்மா உட்காரவைத்து அரை நிமிடம் பதிவுசெய்து வந்தான். "பேசாம இருக்கறதுக்கு எதுக்குடா மெசின்" என்ற அவர் கேள்வியோடு தொடங்கும் அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரைச்சலைக் கழித்தான், ஆசைப்பட்டு அளவுக்கு மேல் கழித்ததில், தாத்தா கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. விசிறி கொஞ்சம் இருக்கட்டும் என்று பாதியில் நிறுத்தினோம்.

அவர் பேச்சின் நடுவே தொழிற்சங்கம் வந்தது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-இல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் பி.பி. வாடியாவோடு முன்னின்றவர்களில் ஒருவர் திரு.வி.க. "நம்ம செய்யுள் பகுதில வர்ற திரு.வி.க.வா மிஸ்?" என்று நோட்டில் கேட்டிருந்தான் பையன். செய்யுள் அல்ல, உரைநடை என்று திருத்தக் கை துடித்தது. "அவரேதான்" என்று மட்டும் எழுதினேன்.

ஆலைச் சங்கைப் பற்றித் தாத்தா நிறையச் சொல்லியிருந்தார். சங்கு ஊதினால்தான் ஓட்டேரியிலும் புளியந்தோப்பிலும் உலை வைப்பார்கள் என்றார். பையன் இணையத்தில் தேடி, ஆலைச் சங்கு என்று போட்டிருந்த ஒன்றை இறக்கி, அவர் பேச்சுக்கு நடுவே வைத்திருந்தான். கேட்க நன்றாகவே இருந்தது; நானே ஏமாந்திருப்பேன். இருந்தாலும், "இது எந்த ஊர்ச் சங்கு?" என்று எழுதினேன். அவனுக்குத் தெரியவில்லை. தாத்தாவிடமே போட்டுக் காட்டியிருக்கிறான். காதில் மாட்டியதைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதியிருந்தான்: "இது சண்டக் காலத்துல ஊதுறதுடா. நம்ம சங்கு இப்டி ஏறி எறங்காது. ஒரே மூச்சு." பிறகு, எப்படி ஊதும் என்று காட்ட, உள்ளங்கைகளை வாயருகே குவித்துக்கொண்டு அவரே ஊதியிருக்கிறார். பையனின் கைப்பேசி அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பதிவு பதினொரு நொடி. அடிவயிற்றிலிருந்து எழும் ஒரே சுருதி. எட்டாம் நொடியில் நடுங்கத் தொடங்கி, இருமலில் முடிகிறது. நீண்ட இருமல். இணையத்துச் சங்கைத் தூக்கிவிட்டு இதை வைத்திருந்தான். இருமலை மட்டும் சுத்தமாக வெட்டியிருந்தான். "இருமல் எங்கே போயிற்று?" என்று எழுதினேன். மறுநாள் இடப்பக்கத்தில் இருந்த பதில்: "அசிங்கமா இருக்கும்னு கட் பண்ணேன் மிஸ். தாத்தாகிட்ட சொன்னேன். இருமலும் மில்லுல வந்ததுதாண்டா, வுடுன்னாரு. திரும்ப வெச்சிட்டேன்."

நான் அதற்கு எதிரே எதுவும் எழுதவில்லை. அந்த வலப்பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். கேரம் குழுவுக்கு உற்சாகம் சொல்லி மாளாது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆனால் அவர்கள் மன்றத்தில் எடுத்த காணொளியில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடின. கைப்பேசி கெட்டுவிட்டது என்று பயந்துவிட்டார்கள். கெடவில்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய டியூப் லைட் அதனால் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று அந்தக் கணக்கோடு பொருத்திவிட்டால் பட்டை மறைந்துவிடும். இயற்பியல் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள் என்று அனுப்பினேன். அவர் ஒரு பாடவேளை முழுக்க அதையே நடத்தினாராம்.

ராயபுரம் ரயில் நிலையத்தைப் புகைப்படம் எடுத்த குழு, தூண்களை அழகாகவே எடுத்திருந்தது. கீழே "இந்தியாவின் முதல் ரயில் நிலையம்" என்று எழுதியிருந்தார்கள். இணையத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார்கள். பம்பாயிலிருந்து தாணேவுக்கு ரயில் ஓடியது 1853-இல். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது 1856-இல். தென்னிந்தியாவின் முதல் நிலையம் என்பதும், அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது என்பதும் போதாதா? நம் ஊர்ப் பெருமையைக் கூட்டிச் சொல்லும்போது நமக்கே அதன் மேல் நம்பிக்கை போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

எண்ணூர்க் குழுவுக்கு வேறு சிக்கல். கழிமுகத்தில் எண்ணெய் கலந்த கதையை மூன்று பேரிடம் கேட்டார்கள். ஒருவர் கப்பல் மோதியதால் என்றார், வாளியில் அள்ளினோம் என்றார். ஒருவர் வெள்ளத்தோடு வந்தது என்றார். ஒருவர் இரண்டையும் கலந்து சொன்னார். யாரோ பொய் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். "இரண்டு முறை நடந்திருந்தால்?" என்று கேட்டேன். பழைய செய்தித்தாள்களைத் தேடிப் பார்த்தார்கள்: துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியது 2017 ஜனவரி 28, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலையாற்றில் பரவியது 2023 டிசம்பர். பொய் சொன்னவர் யாருமில்லை. ஒரே ஊருக்கு ஏழு ஆண்டுக்குள் இரண்டு முறை என்பதால், கதை ஒன்றாகிப் போயிருந்தது.

தட்டச்சு ஒரு தனித் துயரம். எல்லோரும் ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்குகிறவர்கள். ஆகவே மீன் பிடிக்கும் வலை, படத்தின் கீழே ஓடும் வரியில் எலி வாழும் வளை ஆனது. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை உண்டு. அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் அதைப் பழகச் சொன்னேன். இரண்டு பேர் பழகினார்கள். இரண்டு பேர் என்பது எனக்குப் போதும்.

கோப்பு தொலைவது ஆண்டுதோறும் நடக்கிறது. கைப்பேசியில் இடமில்லை என்று, குழுவுக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுவார்கள். செய்திச் செயலி வழியாகப் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும், டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் எடுத்தபடி போய்ச் சேரும் என்பது, அழித்த பிறகுதான் தெரியவரும். இதை மட்டும் கேள்வியாக எழுதுவதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், கட்டளையாகவே எழுதிவைத்திருக்கிறேன்: இரண்டு இடத்தில் சேமிக்காமல் அழிக்காதே. விதி வைத்தவளே மீறிய இடம் அது.

இன்னொரு கட்டளையும் உண்டு. யாரைப் பதிவு செய்தாலும், எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டும். முடிந்ததும் அவரிடமே போட்டுக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அழிக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதனால் மாணவர்களின் வீடுகளிலிருந்தும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கட்டளை சட்டத்திலிருந்து வந்ததன்று, மார்க்கெட்டில் ஓர் அம்மா கேட்டதிலிருந்து வந்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்தவரை எங்கள் மாணவர்கள் கேட்காமல் படமெடுக்க, கத்தியை வைத்துவிட்டு, "என் மூஞ்ச எங்கடா எட்த்துனு போற?" என்றாராம். கைப்பேசியைக் காட்டினார்கள். பார்த்தவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, "இப்போ எடு" என்றார். இரண்டாவது படத்தைத்தான் வைத்தோம். முதல் படம்தான் நல்ல படம் என்று குழுவில் இன்னும் ஒருவன் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். ஒளியையும் கோணத்தையும் பார்த்தால் அவன் சொல்வது சரிதான்.

இந்த ஆண்டு நோட்டுகள் போன வாரம் தொங்கத் தொடங்கின. ஒரு குழு, தங்கள் தெருவில் சாவு வீடுகளில் ஒப்பாரி பாடும் ஆயா ஒருவரைப் பதிவு செய்ய நினைத்திருக்கிறது. நேற்றைய இடப்பக்கம்: "ஆயா பாடிக் காட்டுச்சு மிஸ். ஆனா ரெக்கார்ட் பண்ணக் கூடாதாம். யாரும் சாவாம சும்மா பாடுனத வீட்ல வெச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லுது. இப்போ இன்னா பண்றது?"

பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.